பிடுங்க ஒரு மாதம், நட ஒரு மாதம்: பூங்காக்களில் வாழிட மீட்டெடுப்பு

மழை ஓய்ந்து பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆன தை மாதத்துக் காலையில், புதுச்சேரியை ஒட்டிய செம்மண் மேட்டில் இடுப்பளவு வளர்ந்த உண்ணிச்செடி என்னும் களைப்புதர் ஒன்றின் அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு, மண்வெட்டியால் இரண்டு பக்கமும் ஒருமுறை நெம்பினால், வேர் ஈரமண்ணோடு கையில் வந்துவிடும். அதே செடியைச் சித்திரையில் பிடுங்கப் போனால் கடப்பாரை எகிறுமே தவிர வேர் அசையாது. சலித்துப்போய்த் தரையோடு வெட்டிவிட்டு வருவோம்; ஆடியில் இரண்டு தூறல் விழுந்ததும் வெட்டிய கட்டையிலிருந்து நான்கைந்து துளிர்கள் கிளம்பி, புரட்டாசிக்குள் முன்னைவிட அடர்ந்த புதராக நிற்கும். செடியும் ஆளும் கருவியும் மாறவில்லை, மாதம் மட்டும் மாறியிருக்கிறது. பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் நடக்கும் ‘வாழிட மீட்டெடுப்பு’ என்னும் பணியைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான்.

வாழிடம் என்பது ஓர் உயிர் தன் உணவு, நீர், மறைவிடம், இனப்பெருக்கத்துக்கான இடம் ஆகிய அனைத்தையும் பெறும் சூழல். பூங்காவில் நான்கு மரங்கள் இருப்பதாலேயே அது வாழிடம் ஆகிவிடுவதில்லை. மரத்தடியில் குறுஞ்செடி இருக்கிறதா, அதன் கீழ் உதிர்ந்த இலை கிடக்கிறதா, அந்த இலைக்கடியில் புழுவும் பூரானும் வாழ்கின்றனவா, அவற்றைத் தேடிக் கொத்தும் பறவைக்கு ஒளிந்துகொள்ள முட்புதர் உண்டா என்று அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். இந்த அடுக்குகள் கெட்டுப்போன ஓரிடத்தில் அவை மறுபடியும் தாமாக இயங்கும் அளவுக்குத் துணைசெய்வதே மீட்டெடுப்பு. மரக்கன்று நடுவிழா இதில் ஒரு சிறு பகுதி. பல இடங்களில் அது தேவைகூடப் படாது.

அடுத்த சொல் ‘ஊடுருவும் அயல் தாவரம்’. இதில் பலருக்குக் குழப்பம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த செடி எல்லாமே பகை என்று நினைத்தால் பண்ருட்டியில் முந்திரித்தோப்பு ஒன்றுகூட மிஞ்சாது. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்தில் நாம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் தென்னமெரிக்கச் செடிதான், குழம்பில் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தது. இவை எல்லாம் அயல் தாவரங்கள். ஆனால் மனிதன் விதைத்த வயலையும் தோப்பையும் விட்டு வெளியேறி ஏரியையும் காட்டையும் மூடிவிடுவதில்லை. எந்த அயல் தாவரம் யாரும் விதைக்காமலேயே பரவி, அந்த இடத்தில் இருந்த செடிகளை ஒதுக்கித் தள்ளி, தன்னந்தனியாக நிலத்தைப் பிடித்துக்கொள்கிறதோ அதைத்தான் ஊடுருவும் தாவரம் என்கிறோம். வந்த ஊர் எது என்பதைவிட வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

சரி, இந்தச் செடிகளை நீக்கிவிட்டு எதை மீட்கப் போகிறோம்? சோழமண்டலக் கடற்கரை ஓரத்து இயல்பான காட்டுக்குத் தாவரவியலில் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்று பெயர். ஆண்டில் ஆறேழு மாதம் வறட்சி நிலவினாலும் இலையை மொத்தமாக உதிர்க்காமல், தடித்த, பளபளப்பான, கரும்பச்சை இலைகளோடு பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் குட்டையாக, நெருக்கமாக நிற்கும் காடு இது. பாலை, வீரை, காசான், குருந்து, களா, சூரை, காரை போன்றவை இதன் குடிகள். காசான்தான் இலக்கியத்தில் காயா. திருமாலைக் ‘காயாம்பூ வண்ணன்’ என்று பாட வைத்த அந்த நீலநிறப் பூவை, கோடைமழைக்குப் பின் இந்தக் காட்டுத் துண்டுகளில் இன்றும் பார்க்கலாம்.

காட்டுத் துண்டுகள் என்று சொன்னதற்குக் காரணம், அவை இப்போது துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கின்றன என்பதே. அவற்றில் நல்லவை பெரும்பாலும் கோயில் காடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடும், கடலூர்ப் பக்கத்தில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய ஊர்களின் காடுகளும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்று பதிவுசெய்த இடங்கள். ஊர்ப்பெயர்களும் தலமரங்களும்கூட ஒருவகைத் தாவரப் பட்டியல்தான்: சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இன்றும் நிற்கும் மரத்தின் பெயர், திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி, விருத்தாசலத்துக்கு வன்னி. ஒரு பூங்காவில் எதை நடலாம் என்று கேட்பவர்களிடம், நாற்றங்கால் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் பக்கத்துக் கோயில் காட்டை ஒருமுறை சுற்றிவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றைக்குக் காடுகளையே மூடிவிட்ட ஒரு செடி ஒரு பூங்காவின் வழியாகத்தான் நாட்டுக்குள் நுழைந்தது என்பது, பூங்காவுக்குச் செடி தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அதன் கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவிகள் விரும்பித் தின்று, மரக்கிளையில் போய் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. அதனால்தான் வேம்பின் அடியிலும் வேலியின் ஓரத்திலும் யாரும் போடாத உண்ணிக்கன்றுகள் வரிசையாக முளைக்கின்றன. இதை அகற்றுவதற்கு தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடன் பணியாற்றியோரும் பரப்பிய முறை எளிமையானது: தண்டும் வேரும் சேரும் கணுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் தாய்வேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. துளிர்விடும் ஆற்றல் அந்தக் கணுப்பகுதியில்தான் இருக்கிறது. அது மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்ந்தால் செடி திரும்புவதில்லை. மண்ணில் தங்கும் மிச்ச வேர் தானாக மக்கிவிடும்.

சீமைக் கருவேலம் வேறு விதம். 1870களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் அன்றைய சென்னை மாகாணத்தில் இறக்கப்பட்ட அமெரிக்க மரம் இது. எங்கள் பக்கத்தில் வேலிகாத்தான் என்றும் சொல்வார்கள். ஆடும் மாடும் அதன் இனிப்பான நெற்றைத் தின்று, செரிக்காத விதையைச் சாணத்தோடு, அதாவது எருவோடு சேர்த்தே, புதிய இடத்தில் போட்டுவிட்டுப் போகின்றன. நெற்று முற்றுவது கோடையில். ஆகவே மாசி முடிவதற்குள் மரத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டின் விதை மண்ணுக்குப் போகாது. வைகாசியில் எடுத்தால் மரம் போய்விடும், விதை தங்கிவிடும். இதிலும் தரைமட்டத்தில் அறுப்பது வீண். ‘வெட்டினா துளிர்க்கும் சார், தோண்டினாத்தான் போவும்’ என்று நான் வேலை பழகிய பூங்காவின் மூத்த தோட்டக்காரர் முதல் நாளே சொன்னார். வேர்க்கழுத்துக்குக் கீழே ஒரு முழம் தோண்டி அடிக்கட்டையை வெளியே எடுத்த பிறகுதான் ஒரு மரம் முடிந்தது என்று கணக்கில் சேர்ப்பார். தொடங்குபவர்கள் நாட்டுக் கருவேலத்தையும் இதையும் பிரித்தறியப் பழக வேண்டும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிகோத்ததுபோல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர், காய் ஒடுங்காமல் மஞ்சளாகப் பழுக்கும். பிரித்தறியாமல் வெட்டியதால் ஏரிக்கரைகளில் நல்ல கருவேலங்கள் போனதுண்டு.

பார்த்தீனியத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1950களில் பூனாவில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தச் செடியை, வெள்ளைப்பூ எடுப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும் என்பதால் பூத்தபின் பிடுங்கி உதறுவது விதைப்பதற்குச் சமம். தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது.

நீர்ப்பக்கத்துச் செடிகளில் எனக்குச் சொந்தமாக ஓர் அவமானக் கதை உண்டு. நெய்வேலி காட்டாமணக்கு என்று நம் கடலூர் மாவட்டத்து ஊரின் பெயரையே ஒட்டிக்கொண்டு, ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த, வெளிர்ஊதாப் பூப்பூக்கும் அந்தச் செடியைக் குளக்கரையில் ஆவணி மாதம் ஒரு குழுவாக வெட்டினோம். அன்றைக்கு எல்லாருக்கும் உற்சாகம். வெட்டிய தண்டுகளை முழ நீளத் துண்டுகளாக நறுக்கி, கரையிலேயே அழகாக அடுக்கிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைந்தோம். ஐப்பசி மழையில் நீர் ஏறிக் கரையைத் தொட்டதும் துண்டுகள் மிதந்து பரவின. கரை ஒதுங்கிய துண்டுகள் கணுவுக்குக் கணு வேர்விட்டு, முன்பு ஒரு மூலையில் இருந்த செடி கார்த்திகையில் குளத்தைச் சுற்றிலும் நின்றது. நாங்கள் செய்தது நாற்று நடவு! தண்டிலிருந்து முளைக்கும் செடியை நீர்வற்றிய பங்குனி, சித்திரையில் எடுத்து, நீரெட்டாத மேட்டுத் தரையில் போட்டு, ஒடித்தால் படக்கென்று முறியும்வரை காயவைக்க வேண்டும் என்பதை அந்தக் குளம்தான் எங்களுக்குக் கற்பித்தது. ஆகாயத்தாமரைக்கும் இதே விதிதான். கரையில் குவித்து விட்டுவிட்டால் மழைநீர் அதைத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வடகிழக்குப் பருவமழையாக, சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. மேற்கு மாவட்டங்களின் நடவு நாட்காட்டியை இங்கே பயன்படுத்த முடியாததற்கு இந்த மழைதான் காரணம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பயிருக்குச் சொன்னது. ஆடித் தூறலை நம்பிக் காட்டுமரக்கன்றை நட்டால், அடுத்த இரண்டு மாத வெயிலில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்ற ஆள் வேண்டும்.

எங்கள் ஆண்டு ஏறத்தாழ இப்படி ஓடுகிறது. தையும் மாசியும் வேர் பிடுங்கும் மாதங்கள். மண் ஈரம், வெயில் மிதம், உண்ணியும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் இந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் அந்த ஆண்டுக் கணக்கு. பங்குனி, சித்திரையில் வற்றிய நீர்நிலை ஓரத்து வேலை. வைகாசியிலிருந்து ஆடிவரை விதை சேகரிப்பு: பாலை, நாவல், வேம்பு ஆகியவை அடுத்தடுத்துப் பழுக்கும், நாவல் விதையும் வேப்ப விதையும் சில வாரங்களுக்கு மேல் உயிர்ப்போடு இருக்காது, எனவே பழத்தசையைக் கழுவி நிழலில் உலர்த்திக் கையோடு பைகளில் ஊன்றிவிட வேண்டும். அந்தக் கன்றுகள் அடுத்த ஆண்டு ஐப்பசிக்குத்தான் நடவுக்குத் தயாராகும். ஆவணி, புரட்டாசியில் குழி எடுத்தலும் சிறு வரப்பு போடுதலும். முதல் இரண்டு நல்ல மழையில் மண் ஓரடி ஆழத்துக்கு நனைந்த பிறகு, ஐப்பசி நடுவில் நடவு. அப்போது நட்ட கன்றுக்கு இரண்டு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். தையில் வெயில் ஏறுவதற்குள் வேர் கீழே இறங்கியிருக்கும். கார்த்திகையில் ஒன்றும் செய்யாமல் குடை பிடித்துக்கொண்டு நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதும் வேலைதான். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுவே.

மாதம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். ஒரு பூங்காவில், ஊரும் பெயரும் வேண்டாம், புரட்டாசி மாதம் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி, புதர்மண்டிய பின்மூலை முழுவதையும் இரண்டே நாளில் மொட்டையடித்துச் சமன்படுத்தினார்கள். திறப்புவிழாவுக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். மேல்மண் புரண்டதில் அடியில் பல ஆண்டுகளாகக் கிடந்த களைவிதைகள் வெளிச்சத்துக்கு வந்தன. மண்ணை மூடிக் காக்கச் செடியோ சருகோ இல்லாத சரிவில் முதல் பெருமழை செம்மண்ணைக் கரைத்து வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொங்கலுக்குள் அந்த மூலை முழுவதும் பார்த்தீனியம் பூத்துக் கிடந்தது. புதருக்குள் தானாக முளைத்து மூன்று நான்கு ஆண்டு வளர்ந்திருந்த குருந்துக் கன்றுகளும் இயந்திரத்தோடு போய்விட்டன; அவற்றை யாரும் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள். நிலம் வெறுமையாக இருக்க ஒப்பாது. நாம் நிரப்பாவிட்டால், விதை எது அதிகம் வைத்திருக்கிறதோ அது நிரப்பும். தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கை, ஊடுருவும் தாவரங்களை அகற்றுவதையும் வாழிடங்களை மீட்டெடுப்பதையும் ஒரே தலைப்பின் கீழ் இணைத்திருப்பதன் பொருளும் இதுவே. கடலூருக்கு அது பொருந்தும், புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி என்பதால் அங்கே வழிமுறை வேறு.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? புதர் மிக மோசமாக மண்டிய இடத்தில் கைவைக்கவே எல்லாருக்கும் தோன்றும். 1960களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், தங்கள் வீட்டருகே இருந்த பூங்காக்காட்டில் களையெடுத்துவந்த ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்னும் சகோதரிகள் இதைத் தலைகீழாக்கினார்கள். நல்ல நிலையில் இருக்கும் பகுதியில் தொடங்கிக் கெட்ட பகுதியை நோக்கி நகர வேண்டும்; மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது; இயல்செடிகள் தாமாக முளைத்து இடத்தைப் பிடிக்கும் வேகத்துக்கு மேல் களையெடுக்கக் கூடாது. அவர்களின் காடு வேறு, நம் காடு வேறு. ஆனாலும் இந்த மூன்றும் இங்கே அப்படியே செல்லுபடியாகின்றன. நான்கு காசானும் ஒரு வீரையும் நிற்கும் மூலையில் பத்து உண்ணிச்செடிகளை எடுத்தால், அந்த மரங்களின் விதையே காலியிடத்தை மூடிவிடும். உண்ணி மட்டுமே நிற்கும் மூலையை வெட்டினால் மீண்டும் உண்ணிதான் வரும்.

அதற்காக அயல் மரம் எதையும் எந்தக் காலத்திலும் பயன்படுத்தவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியில்லை. 1968-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் என்னும் பன்னாட்டுக் குடியிருப்பு தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் மரமற்ற செம்மண் பரப்பாக, மழைநீர் அறுத்த பள்ளங்களோடு கிடந்தது. அங்கே வந்தவர்கள் முதலில் வரப்பு போட்டு நீரை நிறுத்தினார்கள். பிறகு வேகமாக வளரும் ஆஸ்திரேலியக் கத்திச் சவுக்கைப் பரவலாக நட்டு நிழலும் இலைச்சருகும் உண்டாக்கி, அதன் அடியில் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். பின்னாளில் அந்தக் கத்திச் சவுக்கே விதைபோட்டுப் பரவத் தொடங்கியதால் அதைக் குறைக்கும் வேலையும் வந்துசேர்ந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலில் அவ்வகை மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரம் வானத்தில் ஓர் ஓட்டை போடும்; அந்த வெளிச்சத்தில் அடுத்த மாதமே உண்ணி நுழையும். எனவே எங்கள் பக்கத்தில் புயலுக்குப் பிந்திய தை மாதம் வழக்கத்தைவிட இருமடங்கு வேலை உள்ள மாதம்.

பறவைகளின் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட புதுச்சேரியின் ஊசுடேரியிலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த மரக்காணம் பக்கத்துக் கழுவேலியிலும் வலசை வரும் பறவைகள் பனிக்காலம் முழுவதும் தங்குகின்றன. சிறிய குளம் உள்ள பூங்காவுக்கும் அதே காலத்தில் நீர்க்காக்கையும் நாரையும் வரும். அந்த நாட்களில் நீரோரத்தில் கூட்டமாக இறங்கக் கூடாது. நீருக்குள் நிற்கும் மரத்தில் கூடு இருந்தால், அது சீமைக் கருவேலமாகவே இருந்தாலும், குஞ்சு பறக்கும்வரை அந்த மரத்துக்கு விடுமுறை. பக்கத்தில் நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ வளர்ந்து கூடுதாங்கும் கிளை விட்ட பிறகே பழைய மரத்தை எடுப்பது முறை, அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆனாலும் சரி. களைக்கொல்லி தெளித்தால் ஒரே நாளில் முடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைகள் விளையாடும், தவளை வாழும், நீர் நிலத்தில் இறங்கும் இடத்தில் நான் அதை ஏற்பதில்லை.

பூங்கா என்பதால் வரும் தனித்தொல்லை ஒன்றும் உண்டு. நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு இலைச்சருகு குப்பையாகத் தெரிகிறது. காலையில் கூட்டி ஓரத்தில் கொளுத்திவிடுகிறார்கள். அந்தச் சருகுதான் களைவிதைக்கு வெளிச்சம் படாமல் மூடி, மண் ஈரத்தைச் சித்திரைவரை காப்பாற்றும் போர்வை. நாங்கள் நடைபாதையை மட்டும் பளிச்சென்று கூட்டி, அந்தச் சருகை அப்படியே உள்ளே கன்றுகளின் அடியில் பரப்பிவிடுகிறோம். பாதை சுத்தமாக இருந்தால் பாதைக்கு அப்பால் உள்ள கலைந்த தோற்றத்தை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பாம்பு வரும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிடுங்கிய செடியை வாரக்கணக்கில் குவியலாகப் போட்டு வைத்தால்தான் விரியன் அடியில் தங்கும். குவியலைக் கையால் அள்ளாமல் கவைக்கோலால் புரட்டிய பின்னரே தொட வேண்டும்.

ஓரிடத்தை ஒருமுறை சுத்தம்செய்தால் முடிந்தது என்பதும் இந்த வேலையில் கிடையாது. எடுத்த இடத்துக்கு அடுத்த ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை, அதற்கடுத்த ஆண்டும் ஒருமுறை திரும்பிச் சென்று, மண்ணிலிருந்த விதைகளில் முளைத்த விரல்நீளக் கன்றுகளை எடுக்க வேண்டும். இது குந்தி உட்கார்ந்து செய்யும் பொறுமையான வேலை. புதிதாக வருபவர்களை நான் முதலில் இதற்குத்தான் அனுப்புவேன். உண்ணிக்கன்றுக்கும் காசான்கன்றுக்கும் இலைகள் எதிரெதிரே இணையாகத்தான் அமைந்திருக்கும், இரண்டும் ஒரே சருகுக்கடியிலிருந்து எட்டிப்பார்க்கும், அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உண்ணியின் தண்டு நான்கு பட்டையாக, இலை ஓரம் ரம்பம்போல, மேற்புறம் சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் காரமான நெடி மூக்கில் ஏறும். காசானின் இலை தடித்து, வழவழப்பாக, பக்க நரம்புகள் கண்ணுக்குத் தெரியாமல், கசக்கினாலும் அந்த நெடி இன்றி இருக்கும். ஐயம் இருந்தால் ஓர் இலையை மட்டும் கிள்ளி, கசக்கி, முகர்ந்து பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, அடுத்த கன்றுக்கு நகருங்கள்.